ரீட்டா எதை விட்டுவிட்டுப் போனாள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்துகொண்டே பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். வகுப்புத் தோழி ஒருவர் சொல்லி ‘எஜுகேட்டிங் ரீட்டா’ என்ற பழைய ஆங்கிலப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். “படிப்பு வந்தால் பழைய வாழ்க்கை போகத்தான் வேண்டுமா? ரீட்டா செய்தது சரியா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, போகிற போக்கில் எழுதியதுபோல் இன்னொரு வரி: “என் கணவர் புத்தகத்தை எரிக்கவில்லை. ஆனால் என்ன படிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்குப் படிப்பு ஏறாது.” என் கண்ணுக்கு இந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. நான் மாறிக்கொண்டு வருகிறேன், என் வீடு என்னோடு வருமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். படத்தை வைத்துக்கொண்டே அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு 26 ஆண்டுகள் இரவு வகுப்பு எடுத்தவள் நான். முதலில் சமூக மன்றத்தில் ஆங்கிலம், பிறகு தனித்தேர்வர்களுக்கு இலக்கியம், கடைசியில் பகுதிநேரப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி. சினிமாவில் எனக்குப் புலமை கிடையாது. குடும்ப ஆலோசனையிலும் பயிற்சி பெற்றதில்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்புக்குத் தொடர்ந்து வந்தவர்களைத்தான். மூன்றாவது வாரத்தோடு நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் வீட்டுக் கதை என் காதுக்கு வந்ததில்லை. ஆகவே நான் சொல்வதில் பாதிப் படம்தான் இருக்கும்.

படத்தைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983ல் வந்த படம். இயக்கியவர் லூயிஸ் கில்பர்ட். வில்லி ரஸ்ஸல் 1980ல் எழுதிய நாடகத்தைத் தானே திரைக்கதையாக்கிக் கொடுத்தார். லிவர்பூலில் முடிதிருத்தும் கடையில் வேலை செய்யும் ரீட்டா என்ற மணமான பெண், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்கிறாள். அவளுக்கு அமையும் ஆசிரியர் ஃபிராங்க். ஒரு காலத்தில் கவிதை எழுதியவர், இப்போது புத்தக அலமாரியில் விஸ்கி பாட்டிலை ஒளித்து வைத்துக் குடிப்பவர். மதுச் செலவுக்காகத்தான் இந்த மாலை வகுப்பையே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜூலி வால்டர்ஸும் மைக்கேல் கெய்னும் நடித்தார்கள். இருவருக்கும் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது, படத்துக்கும் கிடைத்தது. லிவர்பூல் கதையென்றாலும் படம்பிடித்தது டப்ளின் நகரில். நாம் திரையில் பார்க்கும் அந்தப் பழைய கல்லூரி வளாகம் டிரினிட்டி கல்லூரி. எழுதியவரின் வாழ்க்கையும் இதில் கலந்திருக்கிறது. ரஸ்ஸல் 15 வயதில் பள்ளியை விட்டு வெளியேறி, முடிதிருத்தும் தொழில் செய்து, அதன் பிறகு மாலை வகுப்பில் படித்து மேலே வந்தவர். அவர் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்து எழுதியிருந்தால் அந்தக் கடைக்குள் பேசும் பேச்சு அவ்வளவு உயிரோடு வந்திருக்காது.

இந்தப் படத்தைப் பற்றி அடித்துச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. ஃபிராங்க் ஒரு கட்டுரைக் கேள்வி கொடுக்கிறார்: நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பியர் கின்ட்’ நாடகத்தை மேடையேற்றுவதில் உள்ள சிரமங்களை எப்படித் தீர்ப்பாய்? ரீட்டா ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிறாள், வானொலியில் போடுவேன் என்று. சோம்பலால் எழுதியதுபோல் தெரியும். ஆனால் அது தவறான பதில் அல்ல. இப்சன் 1867ல் அதைப் படிப்பதற்கான கவிதை நாடகமாகத்தான் எழுதி வெளியிட்டார், மேடை பிறகுதான் வந்தது. ஃபிராங்க் வற்புறுத்திய பிறகு ரீட்டா அதையே காரணத்தோடு சில வரிகளில் விளக்கி எழுதுகிறாள். அதாவது விடை அவளிடம் முதலிலிருந்தே இருந்தது. விடையை நீட்டி, காரணம் காட்டி, தேர்வாளர் ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில் எழுதும் பழக்கம்தான் இல்லை. என் வகுப்பில் இதை நூறு முறையாவது பார்த்திருப்பேன். இருபது ஆண்டு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவருக்கு ‘பணியிடப் பாதுகாப்பு’ பற்றிப் பேசச் சொன்னால் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார், எழுதச் சொன்னால் மூன்று வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுவார். அவருக்கு அறிவு குறைவு என்று அந்தத் தாளை மட்டும் பார்ப்பவர் நினைப்பார்.

கதையின் முடிவில் தேர்வில் அதே கேள்வி வருகிறது. ரீட்டாவுக்குப் பழைய வானொலிப் பதில் நினைவுக்கு வருகிறது. எழுதியிருக்கலாம். எழுதவில்லை, முறையான பதிலையே எழுதுகிறாள். ஃபிராங்கிடம் அதை அவள் சொல்லும் இடத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது: எனக்குத் தேர்ந்தெடுக்க வழி இருந்தது, நானே தேர்ந்தெடுத்தேன் என்கிறாள். பலர் இதை ‘ரீட்டா தன் இயல்பை இழந்துவிட்டாள், பல்கலைக்கழகம் அவளைத் தன் அச்சில் வார்த்துவிட்டது’ என்று படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நாள் அவளுக்கு ஒரே பதில்தான் தெரியும், கடைசி நாள் இரண்டு தெரியும். அவள் எதையும் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாடகத்தின் கடைசிக் காட்சியில் கத்தரிக்கோலை எடுத்து ஃபிராங்குக்கு முடி வெட்ட ஆரம்பிக்கிறாள். இலக்கியம் கற்றுக்கொண்ட கை பழைய தொழிலை மறக்கவில்லை.

இனி, சர்ச்சைக்கு இடமுள்ள பகுதி. ஃபிராங்கின் பார்வையைப் படம் ரொம்பவும் கருணையோடு நடத்துகிறது என்பது என் எண்ணம். ரீட்டா முதல்முறை ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மூச்சு வாங்க ஓடி வந்து அவரிடம் சொல்கிறாள் அல்லவா? அந்தப் பச்சை உற்சாகம் அவருக்குப் பிடிக்கிறது. அவள் நாலு பேரைப் போலக் கட்டுரை எழுத ஆரம்பித்ததும் மனம் நோகிறார், தான் ஏதோ பூதத்தைப் படைத்துவிட்டதுபோல் பேசுகிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் ‘நீ அப்படியே இரு, அதுதான் அழகு’ என்று சொல்வது ஏற்கனவே பட்டம் வாங்கி, சம்பளமும் சாளரத்துக்கு வெளியே புல்வெளியும் கிடைத்தவருக்கு மட்டுமே கட்டுப்படியாகும். ஆசிரியர்கள் இந்த ஆசையில் எளிதில் விழுவோம். மாணவரின் வெகுளித்தனத்தை நாம் ரசிப்பது அவருக்கு மதிப்பெண் வாங்கித் தராது. ஆனால் சூடு இல்லாத சரியான கட்டுரை மட்டும் போதுமா என்று ஃபிராங்க் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ரீட்டாவோடு ஒரே வீட்டில் தங்கும் டிரிஷ், கலையும் இசையும் இலக்கியமும் கரைத்துக் குடித்தவள்போல் இருந்தவள், தற்கொலைக்கு முயல்கிறாள். அப்போதுதான் மறுபக்கத்திலும் எல்லாம் நிறைந்து வழியவில்லை என்று ரீட்டாவுக்கு உறைக்கிறது.

கணவன் டென்னி விஷயத்தில் எனக்குப் படத்தின் மேல் மனக்குறை உண்டு. நாடகத்தில் மொத்தமே இரண்டு பாத்திரங்கள்தான். ஃபிராங்கின் அறையை விட்டுக் கதை வெளியே போகாது. டென்னியை நாம் பார்ப்பதே இல்லை, ரீட்டா சொல்லித்தான் தெரியும். படம் அவனுக்கு முகம் கொடுக்கிறது, வீடு கொடுக்கிறது, புத்தகங்களை எரிக்கும் நெருப்பும் கொடுக்கிறது. ஆனால் அவன் பக்கத்துக் கதையைக் கொடுக்கவில்லை. அவனுக்குப் பிள்ளை வேண்டும், அவளோ தெரியாமல் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள், தெரிந்ததும் புத்தகத்தில் கை வைக்கிறான். அது வன்முறை, அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனாலும் பள்ளியைப் பற்றி அவனுக்கு என்ன நினைவு இருந்திருக்கும், புத்தகம் என்றால் அவன் உடம்பு ஏன் அப்படிச் சிலிர்த்துக்கொள்கிறது என்று படம் கேட்கவே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். ரீட்டா படித்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கற்பனை இல்லை. 1969ல் அரச சாசனம் பெற்று 1971ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை, பாடங்களைத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நடத்தியது, அஞ்சலில் அனுப்பியது. அதே பல்கலைக்கழகத்தின் படிப்புகள் சிங்கப்பூருக்கும் வந்தன. 1992ல் அரசாங்கம் சிம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தது, 1994ல் வகுப்புகள் தொடங்கின. அந்தக் கிளைதான் 2005ல் சிம் பல்கலைக்கழகமாகி, 2017ல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமானது. வேலையை விடாமல் பட்டம் வாங்கிய பலரின் வீட்டில் ரீட்டாவின் பல்கலைக்கழகத்துப் பாடநூல்களே இன்னும் அலமாரியில் இருக்கக்கூடும்.

அதற்கும் முன்னால் இங்கே நீண்ட கதை உண்டு. 1960லேயே வயது வந்தோர் கல்விக்கென்று வாரியம் அமைத்தார்கள். 1979ல் அது தொழிற்பயிற்சி வாரியத்தோடு இணைந்தது. அந்த இணைப்பு ஒரு திசையைக் காட்டியது: பெரியவர்கள் படிப்பது வேலைக்காக. 1983ல் தொழிலாளர்களுக்கு அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரும் ‘பெஸ்ட்’ திட்டம் வந்தது. 2015ல் பெரியவர்களின் திறன் பயிற்சிக்கு அரசு உதவும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம், 2024ல் 40 வயதை எட்டிய குடிமக்களுக்குப் பயிற்சிக்கென்று மேலும் 4,000 வெள்ளி. இவையெல்லாம் நிஜமான உதவிகள், நான் அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். என் மாணவர்களில் பலர் இந்தத் திட்டங்கள் இல்லாவிட்டால் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். ஆனால் ரீட்டா முதல் நாள் ஃபிராங்கிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், எல்லாமே என்கிறாள். சம்பள உயர்வு, பதவி உயர்வு என்ற பேச்சே இல்லை. நம் ஊரில் பெரியவர் ஒருவர் அப்படிச் சொல்லக் கூச்சப்படுவார். பதிவுப் படிவத்தில் ‘ஏன் இந்தப் பாடம்?’ என்ற கேள்விக்கு ‘முதலாளி சொன்னார்’ என்று எழுதுவார்கள். பத்து வாரம் கழித்து, வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, “டீச்சர், எனக்குச் சும்மா தெரிஞ்சிக்கணும்னு ஆசை, அதான் வந்தேன்” என்று மெதுவாகச் சொல்வார்கள், ஏதோ தப்புச் செய்ததை ஒப்புக்கொள்வதுபோல.

வர்க்கம் என்ற சொல்லை நாம் இங்கே அதிகம் பயன்படுத்துவதில்லை. வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். எந்தப் பள்ளி, எந்தப் பேட்டை, எத்தனை அறை வீடு, விரைவுநிலையா வழக்கநிலையா என்று கேட்டால் போதும். 1980களின் தொடக்கத்திலிருந்து உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளை மதிப்பெண் பார்த்து விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரித்தார்கள். 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்துதான் அந்தப் பெயர்கள் எடுக்கப்பட்டன. ஆகவே இன்று முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் அந்த முத்திரையைச் சுமந்துகொண்டுதான் இரவு வகுப்புக்கு வருகிறார்கள். பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை நாற்பத்தைந்து வயதிலும் சரியாகச் சொல்வார்கள். பிள்ளை பிறந்த எடையை மறந்தவர்கூட அதை மறக்கவில்லை.

மொழி விஷயம் இன்னும் நுணுக்கமானது. டிரிஷோடு பழகியதும் ரீட்டா ஒரு நாள் வேறு குரலில் பேசிக்கொண்டு வருவாளே, ஃபிராங்க் திகைத்துப் போவாரே, அந்தக் காட்சிக்கு என் மாணவர்கள் சிரித்ததே இல்லை. அவர்களுக்கு அது தெரிந்த விஷயம். அலுவலகத்தில் ஓர் ஆங்கிலம், கோப்பிக்கடையில் இன்னோர் ஆங்கிலம், வீட்டில் தமிழ், தமிழிலும் மேடைக்கு ஒன்று, அம்மாவிடம் பேச ஒன்று. லிவர்பூல்காரிக்கு இரண்டு குரல் என்றால் நம்மவருக்கு நாலைந்து. தமிழ்ப் பள்ளியில் படித்த தலைமுறைக்கு இதில் இன்னும் ஆழமான காயம் உண்டு. கடைசியாக இருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982ல் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே போதனைமொழியாகிவிட்டது. தமிழில் திருக்குறளும் கணக்கும் வரலாறும் கசடறக் கற்றவர், வேலைச் சந்தையில் படிக்காதவர் வரிசையில் நிற்க நேர்ந்தது. என் அப்பா அந்த வரிசையில் நின்றவர். துறைமுகத்தில் கிடங்குக் கணக்கர், தமிழில் எழுதினால் முத்துமுத்தாக இருக்கும், ஆங்கிலப் படிவம் வந்தால் என்னிடம் தள்ளிவிடுவார். ஒன்பது வயதுப் பிள்ளை தன் அப்பாவுக்குப் படிவம் நிரப்பும்போது அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான் விரலால் காட்டுவேன். அவர் என் விரலைத்தான் பார்ப்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அதனால் “படிப்பு வந்தால் தூரம் வருமா?” என்ற உங்கள் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: வரும். ஏதோ ஒரு தூரம் வராத வீட்டை நான் பார்த்ததில்லை. ரீட்டாவே சொல்கிறாள், வீட்டில் இருப்பவர்களோடும் பேச முடியவில்லை, ஃபிராங்கின் விருந்துக்கு வந்தவர்களோடும் பேச வரவில்லை என்று. ஒயின் பாட்டிலோடு அந்த வீட்டு வாசல்வரை போய், உள்ளே இருப்பவர்களைப் பார்த்துவிட்டு, நுழையாமல் திரும்பிவிடுகிறாள். இரண்டு கரையிலும் கால் பாவாத அந்தக் காலம் எல்லாருக்கும் உண்டு. அது பிரிவில்தான் முடிய வேண்டும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. என் மாணவர்களில் வீடு உடைந்தவர்கள் உண்டு. ஆனால் படிப்பு மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு வீடுகூட எனக்குத் தெரியாது. முன்பே விரிசல் இருந்த இடத்தில் இரவு வகுப்பு வெளிச்சம் போட்டுக் காட்டியது என்றுதான் பலரும் சொன்னார்கள். அது அவர்கள் சொன்னது. மறுபக்கத்தில் இருந்தவரை நான் கேட்டதில்லை.

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன், அதிலிருந்துதான் எனக்கு இது விளங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் சாதாரணநிலைத் தேர்வின் இலக்கியப் பாடத்துக்குத் தனித்தேர்வராகப் படித்த ஒரு பெண், துணிக்கடையில் விற்பனையாளர், ‘மேக்பெத்’ கட்டுரையில் ஒரு விசித்திரமான பத்தி எழுதியிருந்தார். மேக்பெத்தின் மனைவியைக் கைகேயியோடு ஒப்பிட்டு, கைகேயி தன் மகனுக்காக அரசைக் கேட்டாள், இவள் யாருக்காகக் கேட்கிறாள், இவளுக்குப் பிள்ளை எங்கே என்று கேட்டிருந்தார். நான் சிவப்பு மையில் கோடு போட்டு, ‘பாடத்துக்குத் தொடர்பில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் சொன்னார், அது தன்னுடைய கேள்வி அல்ல, தன் அம்மாவின் கேள்வி என்று. இரவில் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா “இன்னைக்கு என்ன பாடம்?” என்று கேட்பாராம். இவர் கதையைத் தமிழில் சொல்வாராம். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத அந்த அம்மா, “கைகேயி மாதிரியா?” என்று கேட்டு, கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இல்லடி, அவ புள்ளைக்காக கேட்டா. இவ யாருக்காக கேக்குறா?” என்றாராம். இலக்கிய விமர்சகர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய கேள்வி அது. தான் குழந்தைக்குப் பால் கொடுத்தவள் என்று அவள் நாடகத்தில் சொல்கிறாள், பிள்ளையோ நாடகத்தில் எங்குமே இல்லை. தோபாயோ அடுக்குமாடி வீடொன்றின் சமையலறையில் அந்தக் கேள்வி தானாக முளைத்திருக்கிறது, நான் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டேன். அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, கோட்டுக்கு மேலே ‘மன்னிக்கவும், இது நல்ல கேள்வி, விரித்து எழுதுங்கள்’ என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் வீட்டில் தூரம் வந்ததா என்று கேட்டால், வந்திருக்கும். ஆனால் நடுவே ஒரு நடைபாதை இருந்தது, தினமும் ஆள் நடமாட்டம் இருந்தது.

ரீட்டாவுக்கு வாய்க்காதது அது. அவள் தனியாகப் போனாள், தனியாக வளர்ந்தாள். இந்த இடத்தில் எனக்கு 1991 வாக்கில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கம் நினைவுக்கு வரும். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் எழுத்துப் படித்தார்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள்கூடச் சைக்கிளில் கிளம்பினார்கள். லிவர்பூலையும் புதுக்கோட்டையையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான், அது அடிப்படை எழுத்தறிவு, இது இலக்கியப் பட்டம். ஆனாலும் தெருவே சேர்ந்து படித்தபோது, ‘இவ மட்டும் பெரிய ஆளாயிட்டா’ என்று முணுமுணுப்பது கொஞ்சம் சிரமம். சிங்கப்பூரில் நம் படிப்பு பெரும்பாலும் ஒற்றை ஆளின் படிப்பு. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் ஒருவர், இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் ஒருவர். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிவது மூடிய அறைக் கதவும் விளக்கு வெளிச்சமும்தான்.

“ரீட்டா செய்தது சரியா?” என்றும் கேட்டிருந்தீர்கள். படிப்பை விடு, இல்லாவிட்டால் வீட்டை விடு என்று அவளுக்குக் கெடு வைத்தார்கள். அந்தக் கெடுவுக்கு அவள் கொடுத்த பதிலைத் தவறென்று என்னால் சொல்ல முடியாது. உங்களுக்கு யாரும் கெடு வைக்கவில்லை. உங்கள் வீட்டில் இருப்பது மௌனம். மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது வெறுப்பாக இருக்கலாம், அசதியாக இருக்கலாம். என் அனுபவத்தில் அதிகம் பார்த்தது மூன்றாவது வகை: கேட்டால், பதில் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். “என்ன படிக்கிற?” என்று கேட்டு, நீங்கள் ‘குழந்தை வளர்ச்சிக் கோட்பாடு’ என்று சொல்லி, அவர் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டால்? என் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் விரலை மட்டும் பார்த்த காரணம் அதுதான் என்று எனக்கு ஐம்பது வயதில்தான் புரிந்தது. உங்கள் கணவரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவரை நான் அறியேன். ஆனால் நீங்கள் அந்த வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படத்தில் மதுக்கூடக் காட்சி ஒன்று வருமே, நினைவிருக்கிறதா? விருந்துக்குப் போகாமல் திரும்பிய அன்று ரீட்டா தன் குடும்பத்தோடு போய் உட்கார்கிறாள். எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். அவளுடைய அம்மா மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டு அழுகிறாள். ஏன் என்று கேட்டால், இதைவிட நல்ல பாட்டு நமக்கு இருக்க வேண்டும் என்கிறாள். அதைக் கேட்டுத்தான் ரீட்டா படிப்புக்கே திரும்பி வருகிறாள். நான் அந்தக் காட்சியைப் பலமுறை வகுப்பில் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒன்று என்னை உறுத்தும். அந்த வீட்டில் வேறு பாட்டுக்கு ஏங்கியது ரீட்டா மட்டும் இல்லை, அவளுக்கு முன்பே அம்மா ஏங்கியிருக்கிறாள். மகள் அந்தக் கண்ணீரைத் தன் பயணத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மாவிடம் திரும்பிப் போய், ‘உனக்கு எந்தப் பாட்டு வேண்டும்?’ என்று கேட்கவில்லை.

உங்கள் கணவருக்குப் படிப்பு ஏறாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் சொல்லா, அவர் சொல்லா, இல்லை அவருக்குப் பன்னிரண்டு வயதில் யாரோ ஓர் ஆசிரியர் சொன்னதை இரண்டு பேரும் இன்றுவரை திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? அவர் எந்த வகுப்பில், எந்த நாளில் பள்ளியை விட்டு வெளியே வந்தார், அன்று வீட்டுக்கு எப்படிப் போனார், யார் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் எப்போதாவது கேட்டதுண்டா? நீங்கள் படிப்பது குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைத்தானே. உங்கள் அடுத்த பயிற்சிக் கட்டுரைக்கு ஒருவரை நேர்காண வேண்டியிருந்தால், அவரிடமிருந்தே தொடங்குங்கள். அவர் சொல்வதைத் தமிழிலேயே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மாற்றுவதற்கு உதவி வேண்டுமென்றால் இங்கேயே எனக்கு எழுதுங்கள்.